பண்ணைப் பட்டறைக்கு ஒரே ஒரு இரும்பு அறுக்கும் மெஷின்: கட்டிங் வீலா, கார்பைடு பிளேடா, பேண்ட்சாவா?

கேள்வி இதுதான்: டிராக்டர், கலப்பை, டிரெய்லர் பழுது பார்க்கவும், அவ்வப்போது கேட், ஸ்டாண்டு மாதிரி சாமான்கள் செய்யவும் பண்ணையில் ஒரு பட்டறை இருக்கிறது. கையில் 4 அங்குல கிரைண்டரும் வெல்டிங் மெஷினும் உண்டு. இனி ஒரே ஒரு அறுக்கும் மெஷின் வாங்கலாம் என்றால் 14 அங்குல கட்டிங் மெஷினா, கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) பல் பிளேடு போட்ட மெஷினா, பேண்ட்சாவா (வளையமாக ஓடும் நாடா போன்ற பிளேடு உள்ள ரம்பம்)? பார்க்க மெஷின் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் இதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எதை அறுக்கப் போகிறீர்கள், எங்கே வைத்து அறுக்கப் போகிறீர்கள். பண்ணையில் இரும்பு அறுப்பு இரண்டு விதம். துருப்பிடித்து இறுகிப்போன போல்ட், வளைந்த பிராக்கெட், உடைந்த கொழுத் தாங்கி என்று மாட்டியிருக்கும் இடத்திலேயே போய் அறுப்பது ஒன்று. 6 மீட்டர் ஆங்கிளையோ பைப்பையோ ஷாஃப்ட்டையோ அளவெடுத்துத் துண்டு போடுவது இன்னொன்று. முதல் வேலைக்கு மெஷின் இரும்பிடம் போக வேண்டும். இரண்டாவது வேலைக்கு இரும்பு மெஷினிடம் வர வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மெஷினில் முடிக்கப் பார்ப்பதில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

முதல் வகை வேலைக்கு உங்களிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. 4 அங்குல கிரைண்டரில் 1 மி.மீ. அல்லது 1.2 மி.மீ. மெல்லிய வீல் போட்டால் 12 மி.மீ. போல்ட்டு, 6 மி.மீ. பட்டை எல்லாம் போகும். அதன் குறை ஆழம். வீல் 100 மி.மீ. என்றாலும் நடுவில் நட்டும் பிளேன்ஜும் போக, ஒரு பக்கத்திலிருந்து 30 மி.மீ. இறங்கினாலே அதிகம், அதுவும் புது வீலில். இங்கே பலர் செய்கிற தவறு, வீலை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு 5 அங்குல வீலைத் திணிப்பது. 4 அங்குல கிரைண்டரின் தண்டு 16 மி.மீ. துளைக்கு, 5 அங்குல வீலின் துளை 22.23 மி.மீ. நடுவில் உட்காராத வீல் அதிரும், அதிர்கிற வீல் உடையும், உடைகிற நேரத்தில் கார்டும் இருக்காது. ஆழம் வேண்டுமானால் 5 அங்குல கிரைண்டரே வாங்குங்கள். அதைவிட நல்லது கையில் பிடிக்கும் பேண்ட்சா. சுமார் 1140 மி.மீ. நீள பிளேடு ஓடும் அந்தச் சின்ன மெஷின் பொறி பறக்காமல் 100 மி.மீ. பைப்பை இருந்த இடத்திலேயே அறுத்துவிடும். வைக்கோல், டீசல் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதைப் போன்ற நிம்மதி வேறில்லை.

இனி இரண்டாவது வகை. 14 அங்குல கட்டிங் மெஷின், அதாவது 355 மி.மீ. வீல் சுமார் 3800 ஆர்.பி.எம்.மில் சுற்றும் மெஷின். இது இரும்பை அறுப்பதில்லை, தேய்த்துத் தின்கிறது. வீலின் விளிம்பு நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன் மணல்கள் (வீலில் உள்ள கடினத் துகள்கள்) இரும்பைக் கீறிச் சூடேற்றிப் பொறியாகத் துப்புகின்றன. வேகம் உண்மைதான். 50×50×6 ஆங்கிளை அரை நிமிடத்துக்குள் துண்டு போடும். பழக வேண்டியதும் அதிகம் இல்லை, வாங்கிய அன்றே வேலை செய்யலாம். விலை கொடுப்பது வேறு இடத்தில். வெட்டு 3 மி.மீ. அகலம், அத்தனையும் தூளாகப் போகும். முனை சூடாகி நீலமாகும், தடித்த பிசிறு நிற்கும், ஒவ்வொரு துண்டையும் கிரைண்டரில் தேய்த்த பிறகுதான் வெல்டிங்குக்கு வைக்க முடியும். மெல்லிய ஸ்கொயர் பைப்பில் அந்தப் பிசிறு உள்ளே மடங்கிக்கொள்ளும்.

சூட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. கார்பன் கூடிய இரும்பாக இருந்தால், உதாரணமாக ஷாஃப்ட் ராடு, வெட்டிய முகம் சிவக்கச் சூடேறி, ஒட்டியிருக்கும் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்வதால் மேல்தோல் கடினமாகிவிடும். பிறகு அந்த முகத்தில் டிரில் வைத்தால் டிரில் எரியும், லேத்தில் கொடுத்தால் டூல் முனை போகும். டிரில் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். குற்றவாளி கட்டிங் வீல். சாதாரண மைல்டு ஸ்டீல் ஆங்கிள், பட்டைகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

தடித்த திட உருளையை இந்த மெஷினில் அறுக்கும்போது இன்னொன்று நடக்கும். 50 மி.மீ. ராடின் நடுப்பகுதிக்கு வரும்போது வீல் தொடும் பரப்பு கூடிவிடும். ஒவ்வொரு மணலுக்கும் கிடைக்கிற அழுத்தம் குறையும். மழுங்கிய மணல்கள் உதிராமல் வீல் பளபளப்பாகிவிடும். சத்தம் மாறும், பொறி குறையும், ராடு மட்டும் சிவக்கும். அப்போது இன்னும் பலமாக அழுத்துவதுதான் எல்லோருக்கும் வருகிற புத்தி. மோட்டார் திணறும், வீல் வளையும். அழுத்துவதற்குப் பதிலாக ராடைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துப் புது இடத்தில் இறக்கினால் தொடும் பரப்பு குறைந்து வீல் மறுபடி கடிக்கும். அலுமினியத்தை மட்டும் இதில் வைக்கவே வேண்டாம். உருகி வீலின் மணலிடையே ஒட்டிக்கொண்டு வீல் உடையும் வாய்ப்பு உண்டு. வீலின் நடு வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும், பெரும்பாலும் தயாரித்து மூன்று ஆண்டு. அது வியாபாரத் தந்திரம் இல்லை. மணலைப் பிடித்திருக்கும் பிசின் ஈரத்தில் வலு இழக்கும். மண் தரையில் ஈரத்தில் கிடந்த வீலை எடுத்து மாட்டாதீர்கள்.

பொறியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பண்ணைப் பட்டறை நகரத்துப் பட்டறை இல்லை. சூடான வேலைக்கான (வெல்டிங், அறுப்பு போல் பொறி பறக்கும் வேலை) பாதுகாப்பு விதிகளில் எரியும் பொருள் இல்லாமல் வைத்திருக்கச் சொல்லும் சுற்றளவு 11 மீட்டர். உங்கள் கொட்டகையில் 11 மீட்டர் அளந்து பாருங்கள்: சாக்கு, வைக்கோல், டீசல் கேன், சார்ஜில் இருக்கும் பேட்டரி, எண்ணெய்த் துணி, எல்லாம் அதற்குள் வந்துவிடும். வைக்கோலில் விழுந்த பொறி உடனே எரியாது. உள்ளே புகைந்து, நீங்கள் கதவைப் பூட்டிப் போன பிறகு எரியும். அதனால் கடைசி வெட்டுக்குப் பிறகு அரை மணி நேரமாவது அங்கே ஆள் இருக்க வேண்டும். டிராக்டர் கண்ணாடிக்கு எதிரே வெட்டினால் பொறி கண்ணாடியில் உருகி ஒட்டும், துடைத்தால் போகாது. டீசல், பெட்ரோல், பூச்சிமருந்து இருந்த டிரம்மை, கழுவியிருந்தாலும், எந்த வீலாலும் அறுக்காதீர்கள். காலி டிரம்மில் இருக்கும் ஆவிதான் வெடிக்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை மூடிய அறைக்குள் வரிசையாக வெட்டினால் துத்தநாகப் புகை உள்ளே போய் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் வரும், காற்றோட்டத்தில் வெட்டுங்கள்.

கார்பைடு பல் மெஷின் பார்ப்பதற்குக் கட்டிங் மெஷின் போலவே இருக்கும். வேறுபாடு வேகத்தில். அதே 355 மி.மீ. பிளேடு இங்கே 1300 முதல் 1500 ஆர்.பி.எம்.மில்தான் சுற்றும். இது நிஜமாகவே அறுக்கும். தூளுக்குப் பதில் சில்லு வரும், முகம் கையால் தொடக்கூடிய சூட்டில் இருக்கும், பிசிறு சொற்பம், மூலைமட்டம் வைத்தால் ஒளி தெரியாத அளவு சதுரமாக வெட்டும். கேட், டிரெய்லர் பிரேம் என்று ஸ்கொயர் பைப் வேலை நிறையச் செய்கிறவருக்கு இது தரும் சந்தோஷம் தனி. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மெஷினிலும் தண்டு பெரும்பாலும் 25.4 மி.மீ. என்பதால் கார்பைடு பிளேடு மட்டும் வாங்கி 3800 ஆர்.பி.எம். கட்டிங் மெஷினில் மாட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த பிளேடின் மேல் எழுதியிருக்கும் உச்ச வேகம் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. பல் பிய்ந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். மரம் அறுக்கும் பிளேடை கிரைண்டரில் மாட்டுவதும் இதே ரகம்.

கார்பைடு கடினம், ஆனால் உடையும் சாதி. பிளேடு இறங்கிக்கொண்டிருக்கும்போது, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் பைப் ஒரு மி.மீ. அசைந்தாலும் இரண்டு பல் போய்விடும். ஒரு பல் போனால் அடுத்த பல் இரட்டைச் சுமை ஏற்றுக்கொண்டு அதுவும் போகும். மெல்லிய சுவர் பைப்புக்கு 80, 90 பல் உள்ள பிளேடு. தடித்த பட்டை, ஆங்கிளுக்கு 66 பல் போல. மோட்டார் முழு வேகம் பிடித்த பிறகு மெல்லத் தொட்டு, வாய் விழுந்த பிறகே அழுத்தம். சில்லு கொதிக்கக் கொதிக்கச் சிதறும், கழுத்துக்குள் போகும்; முழு முகக் கவசமும் மூடிய சட்டையும் வேண்டும். ஒரு பிளேடு இத்தனை ஆயிரம் வெட்டு வரும் என்று அட்டையில் போட்டிருக்கும் எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரே அளவு சுத்தமான இரும்பில், உறுதியான வைஸில் எடுத்த கணக்கு. துருவும் வெல்டிங் கட்டியும் கலந்த பண்ணை இரும்பில் அது எவ்வளவு குறையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மூன்றாவது, படுக்கைவாட்டு பேண்ட்சா. சின்ன அளவு என்பது 4×6 என்று சொல்லப்படுவது: 100×150 மி.மீ. செவ்வகமும் சுமார் 115 மி.மீ. உருளையும் நுழையும், 1638 மி.மீ. நீளம், 12.7 மி.மீ. அகல பிளேடு, அரை முதல் ஒரு குதிரைத்திறன் மோட்டார். 45 டிகிரியில் வெட்ட வேண்டுமென்றால் அகலம் 1.414 மடங்கு கூடும் என்பதை மறக்கக்கூடாது; 100 மி.மீ. பைப் 45 டிகிரியில் 141 மி.மீ. ஆகிவிடும், வைஸ் சாய்ந்தபின் சின்ன மெஷினில் அந்த அகலம் கிடைக்காது. வெட்டு அகலம் ஒரு மி.மீ. அளவுதான். பொறி இல்லை, சத்தம் இல்லை, சூடு இல்லை. 50 மி.மீ. ராடுக்கு ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். ஆனால் அந்த ஐந்து நிமிடம் நீங்கள் பக்கத்தில் அடுத்த துண்டுக்குக் குறி போடலாம், வெட்டு முடிந்ததும் ஸ்விட்ச் தானே அணைந்துவிடும். பக்கத்திலேயே வேறு வேலை பார்க்கலாம். மெஷினை விட்டு ஊருக்குப் போகலாம் என்று அர்த்தம் இல்லை.

இதன் கெட்ட பெயர் ஒன்றே: கோணலாக வெட்டும், பல் உதிரும். இரண்டுக்கும் மெஷின் காரணம் என்பார்கள். பல் உதிர்வதற்கு முக்கால்வாசி காரணம் பிளேடுத் தேர்வு. எந்த நேரத்திலும் இரும்புக்குள் குறைந்தது மூன்று பல்லாவது இருக்க வேண்டும் என்பது பழைய விதி, இன்றும் அதுதான். ஒன்று நுழைந்துகொண்டு, ஒன்று வெட்டிக்கொண்டு, ஒன்று வெளியேறிக்கொண்டு. அதைவிடக் குறைந்தால் பைப்பின் சுவர் இரண்டு பல்லுக்கு நடுவில் புகுந்து பல்லை மாட்டிப் பிடுங்கும். மிக அதிகமானாலும் வம்பு. பல்லிடைக் குழி சில்லால் நிரம்பி, பிளேடு வெட்டாமல் வழுக்கும். கணக்கு எளிது. அங்குலத்துக்கு 14 பல் என்றால் பல்லுக்குப் பல் 1.8 மி.மீ. 50 மி.மீ. திட ராடின் நடுவில் ஒரே நேரத்தில் 27 பல் உள்ளே இருக்கும், இது அதிகம். 6 பல் பிளேடு என்றால் 12 பல், அது சரி. அதே 6 பல் பிளேடை 2 மி.மீ. சுவர் பைப்புக்குக் கொண்டுபோனால் பாதிப் பல்லுக்குத்தான் இடம். முதல் வெட்டிலேயே உதிர்ந்த பல்லை எண்ணலாம்.

ஆங்கிளை வைக்கும் விதத்தில் இதே கணக்கு வேலை செய்கிறது, அதை ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது. 50×50×5 ஆங்கிளை ஒரு சிறகு தரையில் படுத்து, மற்றது நெட்டையாக நிற்கும்படி வைத்தால், 14 பல் பிளேடு முதலில் வெறும் 5 மி.மீ. தடிப்பில், மூன்று பல்கூட இல்லாமல் இறங்கும்; கீழ்ச் சிறகைத் தொட்டதும் திடீரென்று 50 மி.மீ. அகலம், 27 பல். இரண்டு முனையிலும் தப்பு. அதே ஆங்கிளைக் கூரை போல, முதுகு மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் இரண்டு சிறகும் 45 டிகிரியில் சாய்ந்திருக்கும், ஒவ்வொன்றிலும் பிளேடு கடக்கும் தடிப்பு 7 மி.மீ., சிறகுக்கு நான்கு பல், மேலிருந்து கீழ்வரை மாறாமல். பிளேடு சந்தோஷமாகப் போகும். கட்டிங் மெஷினிலும் கார்பைடு மெஷினிலும் ஆங்கிளை இப்படித்தான் கவிழ்க்க வேண்டும், காரணம் அதேதான்.

2 மி.மீ. சுவர் ஸ்கொயர் பைப்பில் மூன்று பல் விதியை முழுசாகக் காப்பாற்றுவது சின்ன பேண்ட்சாவில் முடியாத காரியம். மேல் சுவரில் 40 மி.மீ. அகலம், பக்கச் சுவர்களில் தலைக்கு 2 மி.மீ. இங்கே சமரசம்தான்: 10/14 அல்லது 14/18 பிளேடு, இறங்கும் அழுத்தத்தைக் குறைத்து வைப்பது. 10/14 என்றால் பற்களின் இடைவெளி ஒரே சீராக இல்லாமல் அங்குலத்துக்கு 10க்கும் 14க்கும் நடுவில் மாறி மாறி வரும் என்று பொருள். அந்த ஒழுங்கின்மைதான் அதிர்வைக் குறைக்கிறது. மெஷினோடு வருகிற கார்பன் ஸ்டீல் பிளேடைப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு, வேலைக்கு பைமெட்டல் பிளேடு வாங்குங்கள். வளையும் முதுகு, எம் 42 என்ற கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ். (சூட்டிலும் கடினம் குறையாத எஃகு) பல் முனை. விலை கூட, ஆயுள் அதைவிடக் கூட.

புது பைமெட்டல் பிளேடை முதல் நாளே முழு அழுத்தத்தில் ஓட்டினால் அதன் ஆயுளில் பெரும் பங்கு அங்கேயே போய்விடும். புதுப் பல்லின் நுனி சவரக்கத்தி போல இருக்கும். முதல் அழுத்தத்தில் அந்த நுனி தேயாமல் ஒடியும். முதல் பத்து நிமிட வெட்டுக்கு அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, தடித்த மைல்டு ஸ்டீல் துண்டு ஒன்றை வெட்டுங்கள். வேகத்தை மட்டும் குறைக்க வேண்டாம். பாதியில் பழைய பிளேடு அறுந்தால், புது பிளேடை அதே பள்ளத்தில் இறக்காதீர்கள். தேய்ந்த பிளேடின் பள்ளம் குறுகலாக இருக்கும், புது பிளேடு அதில் சிக்கும். துண்டைத் திருப்பி எதிர்ப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அழுத்தம் சரியா என்று மீட்டர் தேவையில்லை, சில்லு சொல்லும். மாவு போலத் தூளாக விழுந்தால் அழுத்தம் போதவில்லை, பல் வெட்டாமல் உரசுகிறது. நீலமாகக் கருகித் தடித்து வந்தால் அழுத்தமோ வேகமோ அதிகம். வெள்ளியாகச் சுருண்டு வந்தால் கை வைக்காமல் விடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இது இன்னும் முக்கியம். அங்கே மென்மையாக உரசவிட்டால் உரசிய இடம் கடினமாகி, பிறகு எந்தப் பல்லும் ஏறாது. குறைந்த வேகம், தயங்காத அழுத்தம். வார்ப்பிரும்பை எண்ணெய், தண்ணீர் எதுவும் விடாமல் உலர்வாகவே அறுக்கலாம்.

கோணல் வெட்டுக்கு வருவோம். முதலில் எந்தப் பக்கம் கோணல் என்று தெரிய வேண்டும். 50 மி.மீ. சதுரக் கம்பி அல்லது தடித்த பட்டை ஒன்றை வெட்டி மூலைமட்டத்தை இரண்டு திசையில் வைத்துப் பாருங்கள். மேல் முகத்தில் குறுக்காகக் கோணல் என்றால் வைஸின் நிலைத்தாடை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லை. போல்ட்டைத் தளர்த்திச் சரி செய்தால் தீர்ந்தது. பக்கவாட்டு முகத்தில், மேலிருந்து கீழே போகப் போகச் சாய்ந்தால் பிளேடு விலகுகிறது. அதற்குக் காரணங்கள் வரிசையில் பார்க்க வேண்டியவை: பிளேடு தளர்வு, கைடு (பிளேடைப் பிடித்து நேராக நடத்தும் பேரிங் அமைப்பு) வேலைத்துண்டிலிருந்து தூரம், கைடு பேரிங் சரியாகப் பிடிக்காதது, ஒரு பக்கப் பல் மழுங்கியது, அழுத்தம் கூடியது. நகரும் கைடை ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்ப கிட்டத்தில் கொண்டு வர வேண்டும். சின்னத் துண்டை அறுக்கும்போது கைடை 150 மி.மீ. தள்ளியே விட்டிருப்பது வழக்கமான சோம்பேறித்தனம். பேரிங்கின் பிடியைப் பார்க்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளேடோடு பேரிங்கும் சுற்ற வேண்டும், விரலால் பிடித்தால் நிற்கவும் வேண்டும். நிற்காவிட்டால் இறுக்கம், சுற்றவே இல்லையென்றால் தளர்வு. ஒரு பக்கப் பல் மழுங்கியிருந்தால் எந்தச் சரிசெய்தலும் உதவாது. ஒரே ஒரு வெல்டிங் கட்டியில் உரசினால் போதும், அந்தப் பக்கத்துப் பற்கள் போய்விடும், அதன்பின் அந்த பிளேடு எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும்.

குட்டித் துண்டை வைஸின் ஒரு ஓரத்தில் கடிக்க வைத்தால் நகரும் தாடை சாய்ந்து பிடி விட்டுவிடும். மறு ஓரத்தில் அதே தடிப்புள்ள இன்னொரு துண்டை முட்டுக் கொடுத்தால் தாடை இணையாக இறுகும். 6 மீட்டர் பைப்பின் தொங்கும் முனைக்கு அதே உயரத்தில் ஸ்டாண்டு வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு முடியும் தறுவாயில் பைப் தொங்கி, சாய்ந்து பிளேடை இழுக்கும். வெளியேறும் பக்கத்தில் மட்டும் முட்டு கொடுத்துத் தூக்கி வைத்தால் வெட்டு வாய் மூடி பிளேடைக் கவ்வும். பேண்ட்சாவில் தொளதொள கையுறை வேண்டாம், பிளேடு இழுத்துக்கொள்ளும். பிளேடை மாற்றும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

பேண்ட்சாவும் கார்பைடும் தொடக்கூடாத இரும்பு பண்ணையில் நிறைய உண்டு. லாரி வில் பட்டை, ரோட்டவேட்டர் கத்தி, கொழு, பாரம் தூக்கும் சங்கிலி, எல்லாம் கடினப்படுத்தியவை. சந்தேகம் வந்தால் ஒரு ஓரத்தில் அரம் போட்டுப் பாருங்கள். அரம் வழுக்கினாலோ, கீச்சிட்டுக்கொண்டு கஷ்டப்பட்டுத்தான் கடித்தாலோ அது கட்டிங் வீலுக்கு உரியது. ஹைட்ராலிக் சிலிண்டர் ராடு நடுவாந்தரம்: மேலே குரோம், அதன் கீழே பல சமயம் கடினப்படுத்திய தோல், உள்ளே சாதாரண இரும்பு. கிரைண்டரில் மெல்லிய வீலால் சுற்றிலும் அந்தத் தோலை மட்டும் கீறிவிட்டு, உள்ளே இருப்பதை பேண்ட்சாவில் அறுக்கலாம். கேஸ் கட்டிங் செய்த ஓரம், பழைய வெல்டிங் இருக்கும் இடம், இங்கெல்லாம் பிளேடை முதல் கடியில் வைக்காதீர்கள். ஓரத்தைத் தேய்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மின்சாரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொட்டகை மீட்டரிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருந்து, 1 சதுர மி.மீ. செம்புக் கம்பி இழுத்திருந்தால், போய்வரும் 100 மீட்டருக்குத் தடை ஏறக்குறைய 1.8 ஓம். கட்டிங் மெஷின் 10 ஆம்பியர் இழுக்கும்போது 18 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேண்ட்சாவின் இண்டக்‌ஷன் மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப் போல் ஐந்தாறு மடங்கு. 30 ஆம்பியர் என்று வைத்தால் 54 வோல்ட் நஷ்டம். 230இல் மிச்சம் 176. இந்த வகை மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கிளம்பும் வலு 60 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். மோட்டார் உறுமும், கிளம்பாது, கொஞ்ச நாளில் எரியும். 4 சதுர மி.மீ. கம்பியானால் அதே நஷ்டம் 14 வோல்ட்டுக்குள் அடங்கும். எர்த் கட்டாயம், 30 மில்லிஆம்பியர் கசிவு பிரேக்கரும் சேர்த்துப் போடுங்கள்; இரும்புத் தூளும் ஈரத் தரையும் உள்ள இடம் அது.

பழைய மெஷின் கிடைத்தால் தயங்க வேண்டாம், பார்த்து வாங்குங்கள். கட்டிங் மெஷினில் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கீல் ஆடினால் நேர் வெட்டு வராது. கார்டு தானாக மூட வேண்டும். பேண்ட்சாவில் கியர் பெட்டி எண்ணெயை விரலில் தொட்டுப் பாருங்கள். அதில் பித்தளை மினுமினுப்பு தெரிந்தால் வெண்கலப் பல்சக்கரம் தேய்கிறது. சக்கர விளிம்பு பள்ளம் விழுந்திருந்தால் பிளேடு நழுவிக்கொண்டே இருக்கும். பழைய பவர் ஹேக்சா ஒன்று எங்காவது மூலையில் கிடந்தால் அதையும் ஒதுக்காதீர்கள். மெதுவானது, இடம் அடைப்பது, ஆனால் தடித்த ஷாஃப்ட்டுக்கு அதன் பொறுமை எதற்கும் வராது. பின்னோக்கி வரும் வீச்சில் பிளேடு சற்றே மேலெழும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். எழும்பாமல் உரசிக்கொண்டு திரும்பினால் பல் இரண்டே நாளில் மழுங்கும்.

இதுவரை சொன்னவை கணக்கும் இரும்பின் குணமும். அவற்றில் வாதம் இல்லை. எதை வாங்குவது என்பது கருத்து, அதை வேறு விதமாகச் சொல்கிறவர்களும் தப்பில்லை. நீங்கள் என்னென்ன அளவு வெட்டுவீர்கள் என்று எழுதவில்லை, அதனால் பழுது பார்ப்பு பாதி, புது வேலை பாதி என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் என் தேர்வு 4×6 பேண்ட்சா. பொறி இல்லாதது ஒரு காரணம்; ஆங்கிள், பைப், ஷாஃப்ட் மூன்றையும் ஒரே வாயில் வாங்கிக்கொள்வது பெரிய காரணம். கடின இரும்புக்குக் கிரைண்டர் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து கைடு, வைஸ், பிளேடு ஓட்டம் எல்லாம் சரி செய்கிற பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லை, கையாள் யார் வந்தாலும் எடுத்து வெட்ட வேண்டும் என்றால் கட்டிங் மெஷினே உங்களுக்கு உகந்தது, கொட்டகைக்கு வெளியே சிமெண்ட் தரையில் வைத்து. ஸ்கொயர் பைப் வேலைதான் பெரும்பங்கு, ஷாஃப்ட் அறுப்பது அபூர்வம் என்றால் கார்பைடு. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து வெட்டுதான் என்றால் எதுவுமே வாங்க வேண்டாம். 5 அங்குல கிரைண்டரும், 18 பல், 24 பல் ஹேக்சா பிளேடுகளும், அசையாத ஒரு நல்ல வைஸும் போதும்.

பேண்ட்சா என்று முடிவானால், அன்றைக்கே கூடச் சேர்த்து வாங்க வேண்டியது: 10/14 பைமெட்டல் பிளேடு இரண்டு, 6/10 ஒன்று, சில்லைத் தட்டும் கம்பி பிரஷ் ஒன்று. 2 மி.மீ. பைப் வேலை அதிகம் என்றால் ஒரு 14/18. பிளேடு நீளத்தை மெஷினின் தகட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். 1638க்குப் பதில் 1640 என்று கொடுத்தால் வாங்கலாம், டென்ஷன் திருகில் அந்த வித்தியாசம் அடங்கிவிடும். வேலை முடிந்த மாலையில் அந்தத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டுப் போங்கள்.